விரல் பட்டாலே ஓடும் ஸ்டீயரிங்கை அடக்குவது எப்படி

முதலில் கேள்வி. வண்டி 1956 ஃபோர்டு எஃப்-100 பிக்கப். பழைய சேஸியின் முன்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மஸ்டாங் 2 வகை சஸ்பென்ஷனும் பவர் ரேக்கும் (வீலின் சுற்றலை இடவல நகர்வாக மாற்றி முன்சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு) வைத்திருக்கிறீர்கள். எஞ்சின் ஷெவர்லே 350. அதோடு வந்த ஜெனரல் மோட்டார்ஸ் சாகினா பம்ப்தான் ரேக்குக்கு ஆயில் தள்ளுகிறது. ஸ்டீயரிங் வீல் 14 அங்குலம். மெதுவாக ஓட்டும்போது சுகமாக இருக்கிறது, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தும்மினால்கூட வண்டி தடம் மாறுகிறது. பம்ப்பின் பிரஷரைக் குறைக்க, உச்ச பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வில் ஷிம் (மெல்லிய வளையம்) போட்டுப் பார்த்தீர்கள், ஒரு மாற்றமும் இல்லை. இனி எங்கே கைவைப்பது?

ஷிம் போட்டும் மாறவில்லை என்ற அந்த ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. நேர்ரோட்டில் வண்டி ஓடும்போது அந்த ரிலீஃப் வால்வு வேலையே செய்வதில்லை. அது திறப்பது ஸ்டீயரிங்கை லாக் வரை, அதாவது இனித் திரும்பாது என்னும் கடைசி எல்லை வரை திருப்பி அழுத்திப் பிடிக்கும்போதுதான். நானும் முதல் வண்டியில் இதே தப்பைச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பம்ப்போடு மல்லுக்கட்டி, கேஜில் முள் 1,300 பிஎஸ்ஐயிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) 950க்கு இறங்கியதைப் பார்த்துப் பூரித்துப்போய் ரோட்டுக்கு எடுத்துப்போனேன். முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது, வண்டி பழைய வண்டியேதான்.

ஆகவே பம்ப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். "ஸ்டீயரிங் ரொம்ப சென்சிட்டிவ்" என்று நாம் சொல்லும்போது மூன்று வேறு வேறு குறைகளை ஒரே பெயரில் அழைக்கிறோம். ஒன்று, லேசாக இருப்பது: கைக்கு எடையே தெரியாது. இரண்டு, வேகமாக இருப்பது: வீலைக் கொஞ்சம் திருப்பினாலே டயர் நிறையத் திரும்பிவிடும். மூன்று, நிலைகொள்ளாமல் இருப்பது: நீங்கள் திருப்பாவிட்டாலும் வண்டி தானாக இடமும் வலமும் அலையும், அதைச் சரிசெய்யப் போய் நீங்கள் ஓயாமல் கையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். முதல் குறைக்கு மருந்து பம்ப்பில் இருக்கிறது. இரண்டாவதற்கு வீலிலும் பல் விகிதத்திலும். மூன்றாவதற்கு முன்சக்கரங்களின் கோணத்தில். ஒன்றுக்குரிய மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் ஷிம் கதைதான் ஆகும். நாமே கையால் கட்டிய வண்டிகளில் பெரும்பாலும் மூன்றும் கலந்தே இருக்கும், அதுதான் குழப்பம். தொழிற்சாலையில் இருந்து வந்த காரில் யாரோ ஒருவர் பம்ப், ரேக், வீல், கோணம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்திருப்பார். நம் வண்டியில் பம்ப் ஒரு வீட்டுப் பிள்ளை, ரேக் இன்னொரு வீட்டுப் பிள்ளை.

எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. பம்ப்பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதே பெல்ட் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது என்றால் இதைச் செய்ய வேண்டாம், எஞ்சின் சூடேறிவிடும். தனி பெல்ட் என்றால் ஆள் நடமாட்டம் இல்லாத, நீளமான நேர்ரோடாகப் பார்த்துப் போங்கள். கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், அதை எதிர்பார்த்தே உட்காருங்கள். வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பெல்ட் இல்லாமலும் வண்டி அலைகிறது என்றால் ஆயிலுக்கும் அந்த அலைச்சலுக்கும் சம்பந்தமில்லை, கோணங்களைத்தான் பார்க்க வேண்டும். பெல்ட் இல்லாதபோது அம்பு மாதிரி போகிறது, மாட்டியதும் துள்ளுகிறது என்றால் பம்ப்புக்கும் ரேக்குக்கும் ஒத்துப்போகவில்லை. பாதி குணமானது போலத் தோன்றினால் இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. உங்கள் வண்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், இந்த மூன்றாவது விடையைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

கோணங்களில் முதல் சந்தேகம் காஸ்டர் மேல்தான். முன்சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு அது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் நேராக ஓட உதவுகிறதே, அதே தத்துவம். பவர் இல்லாத காலத்தில் காஸ்டரைக் குறைவாகவே வைத்தார்கள், காரணம் காஸ்டர் கூடினால் கைக்குக் கனம் கூடும். பவர் ஸ்டீயரிங் வந்தபிறகு அந்தக் கவலை இல்லை. பவர் ரேக்கும் ரேடியல் டயரும் உள்ள இப்படிப்பட்ட வண்டிக்கு 4 முதல் 6 டிகிரி பாசிட்டிவ் காஸ்டர் கொடுக்கலாம். நான் 5ல் தொடங்குவேன். பல வண்டிகளில் அலைன்மென்ட் போடுகிறவர் பழைய புத்தகத்து எண்ணைப் பார்த்து 1 டிகிரியில் நிறுத்திவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் எண்ணை நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வகை வண்டிகளில் அழகுக்காக முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்குவோம். வண்டி எத்தனை டிகிரி முன்னால் சாய்கிறதோ அத்தனை டிகிரி காஸ்டர் போய்விடும். உங்கள் எஃப்-100இன் வீல்பேஸ் 110 அங்குலம், கிட்டத்தட்ட 2,800 மி.மீ. பின்பக்கம் 50 மி.மீ. கூடுதலாக உயர்ந்தாலே 1 டிகிரி காலி. முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை வெல்டிங் செய்தபோது சேஸியைத் தரைக்கு இணையாக வைத்துச் செய்துவிட்டு, பிறகு பெரிய பின் டயர் போட்டு 100 மி.மீ. தூக்கியிருந்தால் 2 டிகிரி காணாமல் போயிருக்கும். வண்டியை இப்போது நிற்கும் உயரத்திலேயே, டேங்க் நிரப்பி அளக்கச் சொல்லுங்கள்.

மஸ்டாங் 2 வகையில் மேல் ஆர்மின் ஷாஃப்ட் நீளத் துளைகளில் உட்கார்ந்திருக்கும். அதன் முன் போல்ட்டை வெளிப்பக்கமும் பின் போல்ட்டை உட்பக்கமும் நகர்த்தினால் மேல் பால் ஜாயிண்ட் பின்னால் போகும், காஸ்டர் கூடும். இரண்டு பக்கமும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போகட்டும். காஸ்டரைத் தொட்டால் கேம்பரும் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) டோவும் (மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் முன்விளிம்பும் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) நகர்ந்துவிடும் என்பதால் கடைசியில் டோவைத் திரும்பப் பிடியுங்கள்: மொத்தத்தில் 1.5 முதல் 3 மி.மீ. டோ-இன். டோ-அவுட்டில் நிற்கும் வண்டி எவ்வளவு நல்ல ரேக் போட்டாலும் துள்ளத்தான் செய்யும்.

அடுத்து பம்ப் ஸ்டீர் (bump steer, ஆயில் பம்ப்புக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை). சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது, நீங்கள் வீலைத் தொடாமலேயே டயர் உள்ளேயோ வெளியேயோ திரும்புவது. ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட்டின் உள் மூட்டும் கீழ் ஆர்மின் உள் மூட்டும் சரியான கோட்டில் இல்லாவிட்டால் இது வரும். அகலம் மாறிய கிராஸ்மெம்பரில் வேறு அகல ரேக்கைப் போட்ட வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவைத்து, ஹப்பில் ஒரு சின்ன லேசர் பாயிண்டரை முன்னோக்கி ஒட்டுங்கள். 5 மீட்டர் தள்ளி ஒரு சுவர். ஜாக்கியால் ஹப்பை ஓடும் உயரத்திலிருந்து 50 மி.மீ. மேலேயும் 50 மி.மீ. கீழேயும் கொண்டுபோய், சுவரில் புள்ளி போகும் பாதையைப் பென்சிலால் குறியுங்கள். சக்கரம் 0.1 டிகிரி திரும்பினாலே புள்ளி பக்கவாட்டில் கிட்டத்தட்ட 9 மி.மீ. நகரும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கோடு ஏறக்குறைய செங்குத்தாக வந்தால் நிம்மதி. வாழைப்பழம் மாதிரி வளைந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ ரேக்கின் உயரத்தையோ அகலத்தையோ திருத்த வேண்டும். கொஞ்சம்தான் என்றால் ரேக் பிராக்கெட்டில் ஷிம் வைத்தோ ஆஃப்செட் புஷ் போட்டோ சமாளிக்கலாம். நிறைய என்றால் ரேக்கையே மாற்ற வேண்டியிருக்கும், அதற்குச் சமாதானம் கிடையாது.

இறுக்கத்தையும் பார்த்துவிடுங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஸ்டீயரிங் எங்காவது பிடித்துக்கொண்டால் வண்டி நேராகத் திரும்பி வராது. நீங்கள் கொஞ்சம் அதிகமாகத் தள்ளுவீர்கள், பிடிப்பு சட்டென்று விடும், வண்டி தாவும். ஓட்டுகிறவருக்கு இது "சென்சிட்டிவ்" என்றுதான் படும், உண்மையில் அது பிடிவாதம். டை ராட் முனைகளைக் கழற்றிவிட்டு சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் துண்டான நக்கிளைக் கையால் திருப்பிப் பாருங்கள், வெண்ணெயாகத் திரும்ப வேண்டும். பிறகு வீலை மட்டும் திருப்பிப் பாருங்கள். ரேக்கின் அட்ஜஸ்டரை, பழைய கியர்பாக்ஸ் வகை என்றால் செக்டர் ஷாஃப்டின் ஸ்குரூவை, "பிளே இருக்கக் கூடாது" என்று யாராவது ஒரு திருகு கூடுதலாக இறுக்கியிருப்பார்கள். ஸ்டீயரிங் காலத்தின் (column, வீலின் தண்டைத் தாங்கும் குழாய்) பேரிங், ஷாஃப்ட் எக்ஸாஸ்ட் ஹெடரில் உரசும் இடம், புதிதாகப் போட்ட டைட்டான பால் ஜாயிண்ட், எல்லாம் இதே குறையைத் தரும்.

யூ-ஜாயிண்ட் விஷயம் எனக்குப் பிடித்தமானது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்டீயரிங் காலத்திலிருந்து ரேக்குக்குப் போகும் ஷாஃப்ட் V8 எஞ்சினைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் நாம் இரண்டு யூ-ஜாயிண்ட் (கோணத்தில் வளைந்தும் சுற்றலைக் கடத்தும் மூட்டு) போடுகிறோம். ஒரு யூ-ஜாயிண்ட் 30 டிகிரி வளைந்து வேலை செய்தால், அது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் 15 சதவீதம் வேகமாகவும் இரண்டு இடத்தில் 13 சதவீதம் மெதுவாகவும் திருப்பும். இரண்டு ஜாயிண்டும் ஒரே கோணத்தில் இருந்து, நடு ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (மூட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே திசையைப் பார்த்து நின்றால் ஒன்றின் ஏற்றத்தை மற்றது ஈடுகட்டிவிடும். யோக்குகளை 90 டிகிரி மாற்றிப் போட்டுவிட்டால் ஈடுகட்டுவதற்குப் பதில் இரண்டும் கூட்டணி சேரும். 30 டிகிரி கோணத்தில் ஒரு இடத்தில் ஸ்டீயரிங் 33 சதவீதம் வேகமாகவும் இன்னோர் இடத்தில் 25 சதவீதம் மெதுவாகவும் ஆகிவிடும். அந்த வேகமான இடம் நேர்ரோட்டு நிலையில் வந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்ப்ளைனில் மாட்டும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரித்து மாட்டும்போது செட் ஸ்குரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் குழி இருக்கிறதா, லாக் நட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டீயரிங் ஷாஃப்ட் கழன்றால் மற்ற பேச்செல்லாம் வீண்.

சரி, இதெல்லாம் ஒழுங்காகிவிட்டது, வண்டி பெல்ட் இல்லாமல் அம்பாகப் போகிறது. இப்போது பம்ப்புக்கு வருவோம்.

ரேக்கின் உள்ளே நடப்பது இதுதான். ஸ்டீயரிங் ஷாஃப்டும், ரேக்கின் பற்களைத் தள்ளும் பினியன் பல்சக்கரமும் நேரடியாகச் சேர்ந்திருக்கவில்லை. நடுவே சுமார் 5 மி.மீ. தடிமனுள்ள ஒரு டார்ஷன் பார். நீங்கள் வீலைத் திருப்பினால் அது முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு வால்வின் இடைவெளிகளைக் குறுக்கும். பம்ப் எப்போதும் ஆயிலை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. நேராகப் போகும்போது அது வால்வு வழியாக வந்த வழியே திரும்பிவிடும். அப்போது லைனில் 80 முதல் 125 பிஎஸ்ஐ வரைதான் இருக்கும். இடைவெளி குறுகினால் ஆயில் நெருக்கியடித்துப் போக வேண்டும், பிரஷர் ஏறும், அதுதான் உங்களுக்கு உதவியாகக் கிடைக்கிறது.

தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். தண்ணீர் வேகமாக வந்தால் விரலைச் சற்றே வைத்தாலும் பீறிடும், மெல்ல வந்தால் முக்கால்வாசி மூடினாலும் சாதுவாக வழியும். வால்விலும் அப்படித்தான். ஒரே அளவு முறுக்குக்கு எழும் பிரஷர், ஆயில் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் பிரஷர் நான்கு மடங்கு. மஸ்டாங் 2 என்பது 1974 முதல் 1978 வரை வந்த சின்னக் கார், அதன் ரேக்குக்கு நிமிடத்துக்கு 2 கேலன், அதாவது 7.5 லிட்டர் அளவு ஆயில் போதும். சாகினா பம்ப்புகள் பலவும் பெரிய கார்களின் கியர்பாக்ஸுக்காகச் செய்யப்பட்டவை, 3 கேலனுக்குப் பக்கத்தில் தள்ளும். ஒன்றரை மடங்கு ஓட்டம் என்றால் அதே விரலசைவுக்கு இரண்டேகால் மடங்கு உதவி. டார்ஷன் பார் முறுக்குவதை உங்கள் கை உணர்வதற்குள் வண்டி திரும்பி முடித்துவிடும்.

ஷிம் ஏன் பலிக்கவில்லை என்பது இங்கே விளங்கும். ஷிம் உச்ச பிரஷரை இறக்குகிறது. நேர்ரோட்டில் நீங்கள் 100, 200 பிஎஸ்ஐ எல்லைக்குள் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள், உச்சம் 1,300 ஆனால் என்ன, 950 ஆனால் என்ன? போட்டது வீண் என்று சொல்லமாட்டேன், சின்ன ரேக்கின் சீல்களுக்கு அது நல்லதே. கழற்ற வேண்டாம், இருக்கட்டும்.

குறைக்க வேண்டியது ஓட்டத்தை. சாகினா பம்ப்பின் பின்னால் பிரஷர் ஹோஸ் மாட்டும் ஃபிட்டிங் இருக்கிறதே, அதற்குள் ஒரு அளவுத் துளை உண்டு. அந்தத் துளையின் இரு பக்கமும் ஏற்படும் பிரஷர் வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பின்னால் முன்னும் பின்னும் நகரும் உருளையான ஸ்பூல் வால்வு எவ்வளவு ஆயிலை ரேக்குக்கு விடுவது, எவ்வளவை உள்ளேயே திருப்பிவிடுவது என்று முடிவு செய்கிறது. துளையைச் சிறிதாக்கினால் ஓட்டம் குறையும், துளையின் பரப்பளவுக்கு ஏற்ப. உங்கள் ஃபிட்டிங்கை அளந்து பாருங்கள், ட்ரில் பிட்டின் பின்முனையை நுழைத்துப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 3.6 ஆக்கினால் ஓட்டம் 81 சதவீதமாகும், அதே முறுக்குக்கு வரும் பிரஷர் 66 சதவீதமாகும். 3.2 ஆக்கினால் ஓட்டம் 64, பிரஷர் 41. அரை மி.மீ.க்கும் குறைவான மாற்றம் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். அதனால்தான் ஒரே தாவாகத் தாவ வேண்டாம் என்கிறேன். முதலில் 10 சதவீதம் சிறிய துளை, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது.

சிறிய துளையுள்ள ஃபிட்டிங்குகளும் ஓட்டம் குறைக்கும் கிட்டுகளும் தயாராகவே கிடைக்கின்றன, அதுதான் நல்லது. கடைசல்காரரிடம் புஷ் செய்து அழுத்துவதானால், ஆயில் ஓடும் திசையில் அது கழன்று போகமுடியாதபடி விளிம்பு வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அது கழன்று லைனுக்குள் போனால் ரேக்கின் வால்வில்தான் போய்ச் சிக்கும். ஃபிட்டிங்கைக் கழற்றும்போது பின்னால் ஸ்பிரிங் ஸ்பூலைத் தள்ளிக்கொண்டிருக்கும், ஒரு துணியை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிட்டிங்கின் பக்கவாட்டில் ஊசித்துளை ஒன்று இருக்கும். அழுக்கு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள், ஸ்பூலுக்குச் செய்தி போவது அந்த வழியாகத்தான். ஓ-ரிங் புதிது போடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கசிவு இருக்கிறதா என்று ஓடும் எஞ்சினில் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

இங்கே இரண்டு குறுக்குவழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. பிரஷர் ஹோஸின் நடுவில் ஒரு ஊசி வால்வை வைத்து நெரிப்பது ஒன்று. இது வேலைக்காகாது. பம்ப்பின் ஸ்பூல் தன் துளையை மட்டும்தான் பார்க்கிறது, வெளியே நீங்கள் நெரித்தாலும் அதே ஓட்டத்தைத் தள்ள முயன்றுகொண்டே இருக்கும். ஓட்டம் குறையாது, பம்ப்புக்குப் பாரமும் ஆயிலுக்குச் சூடும்தான் மிஞ்சும். ரிட்டர்ன் லைனை நெரிப்பது இதைவிட மோசம், அதனால் ரேக் சீல்கள் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். இன்னொரு வழி, பிரஷர் லைனிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு பைபாஸ் வால்வு போட்டு ஆயிலில் ஒரு பங்கைத் திருப்பிவிடுவது. இது உண்மையாகவே வேலை செய்யும், திருகித் திருகி வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளவும் முடியும். ஒரு குறை உண்டு. பிரஷர் கூடக் கூட அதன் வழியே தப்பும் ஆயிலும் கூடும். எனவே முதலில் கனப்பது பார்க்கிங் செய்யும்போதுதான், நேர்ரோட்டில் கிடைக்கும் பலன் அதற்குப் பின்னால்தான். எனக்கு ஃபிட்டிங் துளைதான் பிடிக்கும். பம்ப்பைத் தொட முடியாத இடுக்கில் மாட்டியிருப்பவர்களுக்குப் பைபாஸ் சரி.

பம்ப் புல்லியைப் பெரிதாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். பம்ப் மெதுவாகச் சுற்றினாலும், எஞ்சின் ஓட்ட வேகத்தில் இருக்கும்போது ஓட்டத்தைத் தீர்மானிப்பது ஸ்பூல்தான், உபரியை அது ஏற்கெனவே திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறது. சத்தமும் சூடும் குறையும், துள்ளல் குறையாது. மாறாக ஐடிலில் ஆயில் போதாமல் போகலாம். இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். பம்ப் 1990களின் காரிலிருந்து வந்ததாக இருந்து, அதன் பின்னால் மாட்டப்படாத ஒரு மின் கனெக்டர் தொங்கினால், அது வேகத்துக்கேற்ப உதவியைக் குறைக்கும் வகை. மின்சாரம் வராவிட்டால் எல்லா வேகத்திலும் முழு உதவிதான் கொடுக்கும். அதற்கு ஏற்ற கன்ட்ரோலர் இல்லையென்றால் சாதாரண பம்ப்புக்கு மாறிவிடுவதே நிம்மதி.

கோணமும் ஓட்டமும் சரியான பிறகும் "வேகம்" என்ற குறை மிஞ்சலாம். அந்தக் காலத்து வீல்கள் 17 அங்குலம் போலப் பெரிதாக இருந்தது உதவி இல்லாமல் திருப்புவதற்காக. 14 அங்குல வீலில் உங்கள் கை அதே தூரம் நகர்ந்தால் ஷாஃப்ட் 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் திரும்புகிறது. 15 அல்லது 15.5 அங்குலம் போட்டுப் பாருங்கள், பார்வைக்கும் அந்த கேபினுக்குப் பொருந்தும். லாக்கிலிருந்து லாக்குக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மூன்றுக்குக் கீழே வந்தால் குவிக் ரேஷியோ ரேக்கை யாரோ தலையில் கட்டியிருக்கிறார்கள். ஓட்டத்தைக் குறைத்து அதைக் குணப்படுத்த முடியாது, கனமான துள்ளலாக மாறும், அவ்வளவுதான். தடிமனான டார்ஷன் பார் போட்ட ரேக் நல்ல தீர்வு, ஆனால் அதைப் பிரித்து, மாற்றி, வால்வை மையத்தில் நிறுத்துவது ரேக்கை ரீபில்ட் செய்கிறவர்களின் வேலை. வீட்டில் செய்ய வேண்டாம். வால்வு மையம் தப்பினால், முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் ஓடும். இந்தச் சோதனையை உங்கள் வண்டியிலும் ஒருமுறை செய்துவிடுங்கள், ஓடினால் உடனே ரேக்கைக் கழற்றுங்கள்.

லேசான ஸ்டீயரிங்கை ஒரு காலத்தில் ஆடம்பரமாகவே விற்றார்கள். பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் பியர்ஸ்-ஏரோ காரில் ஹைட்ராலிக் உதவியை ஓட்டிக்காட்டினார், விற்பனைக் காரில் அது வந்து சேர 1951ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியல் வரை ஆனது. பாரமான வீலோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்கு ஒரு விரலால் திருப்புவது வரமாக இருந்திருக்கும். இன்றைய காரிலிருந்து இறங்கி இந்தப் பிக்கப்பில் ஏறும் நமக்குத்தான் அது பயமாக இருக்கிறது.

உங்கள் வண்டியில் நானாக இருந்தால் இப்படிப் போவேன்: யோக்குகளை டார்ச் அடித்துப் பார்ப்பது, பெல்ட் சோதனை, காஸ்டர் 5 டிகிரி, அப்புறம் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது. நிறைய பேருக்கு இங்கேயே முக்கால்வாசி குணமாகிவிடும். மிச்சத்துக்கு ஃபிட்டிங். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

ஃபிட்டிங் மாற்றியதும் முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் லாக்கிலிருந்து லாக்குக்கு இருபது தடவை மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள், ஆயில் அளவைப் பார்த்து ஊற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, பிரஷர் லைனில் கேஜ் மாட்டி நேர்நிலையில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 200 பிஎஸ்ஐக்கு மேல் என்றால் எங்கோ ஹோஸ் நசுங்கியிருக்கிறது. கேஜில் உள்ள வால்வை மூடி உச்ச பிரஷர் பார்ப்பதானால் ஐந்து விநாடிக்கு மேல் மூடிவைக்காதீர்கள், பம்ப் வெந்துவிடும்.

துளையை எவ்வளவு தூரம் சிறிதாக்கலாம் என்பதற்கு எல்லையைக் கையே சொல்லும். வண்டியை நிறுத்தி, ஐடிலில், வீலைப் படபடவென்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்புங்கள். நடுவில் திடீரென்று யாரோ பிடித்து இழுத்தது போலக் கனத்தால் ரேக்குக்கு ஆயில் போதவில்லை, ஒரு அளவு பெரிய துளைக்குத் திரும்பிவிடுங்கள். முடிவாக நின்ற துளையின் அளவை ஒரு சின்னத் தகட்டில் பொறித்து பம்ப் பிராக்கெட்டிலேயே கட்டிவையுங்கள். நாலு வருஷம் கழித்து பம்ப் கசிந்து புதிதாக ஒன்று வாங்கி மாட்டும்போது பழைய துள்ளல் திரும்ப வரும், அன்றைக்குத் தேடுவீர்கள்.